அரைச்சாண் உயரம்

சப்பாத்துக்குள் வைத்து உயரம் கூட்டுவதற்கு மரக்கட்டை சரிவராது, பாதர். நடக்கும்போது டொக்கு டொக்கென்று ஊரைக் கூட்டிவிடும். பெட்டிச் சாமான்களுக்கு அணைகொடுத்து வருகிற வெள்ளை ரெஜிபோமும் கூடாது. ஒரு ஞாயிறு அதை வைத்துக்கொண்டு பூசைக்குப் போனேன். பிரசங்கம் முடிவதற்குள் வலது பக்கம் அமுங்கிப்போய், நற்கருணை வரிசையில் சாய்ந்த வேலிக்கட்டை மாதிரி நின்றேன். உங்களுக்கு முன்பிருந்த சுவாமியார் நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்து அப்பத்தைத் தரவே யோசித்தார். பழைய இறப்பர் செருப்புத்தான் நல்லது. குதியளவுக்கு வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக சைக்கிள் ரியூப் சொலூசன் பூசி ஒட்டி, அம்மிக்கல்லின் கீழே வைத்தால் நன்றாக இறுகிவிடும். முன்பக்கத்தைச் சரிவாகச் சீவ வேண்டும், இல்லாவிட்டால் விரல்கள் நெரிபடும்.

பெரிய வெள்ளி வருகிறது, பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வாருங்கள் என்று வீட்டில் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். வந்த இடத்தில் ஒழுங்காகச் சொல்வோமே என்றுதான் முதலிலிருந்து தொடங்குகிறேன்.

ஓர்ஸ் ஹில்லில் என்னை டொமினிக் என்று கூப்பிட்டவர்கள் குறைவு. முக்கால் என்றால்தான் தெரியும். சந்திக் கடையில் பிளேன்ரீ குடிக்க இருந்தால், “முக்காலுக்குக் கால் கிளாஸ் காணும்” என்பான் தம்பிராசா அண்ணையின் மகன். கூட இருக்கிறவர்களும் சிரிப்பார்கள். நானும் பல்லைக் காட்டுவேன். பகிடிதானே.

எல்சியைப் பெண் பார்க்கப் போனபோது துணைக்குப் பேணாட்டைக் கூட்டிப் போனேன். என்னைவிட ஒரு தலை உயர்ந்தவனைக் கூட்டிப் போனது முழு மடைத்தனம். ஆனால் எனக்கிருந்த ஒரே சிநேகிதன் அவன்தான். முற்றத்தில் நின்று எல்சியின் தாய் மக்டலினோடு கதைத்தேன். எல்சி கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பார்வை பிழையில்லை. பிறகு, “உள்ளுக்கு வாங்கோ தம்பி” என்றார் மக்டலின். எங்கள் கோயிலுக்குள் சப்பாத்தோடு போகலாம், பெண் பார்க்கிற வீட்டுக்குள் போக ஏலாது. கழற்றிவிட்டுப் படியேறினேன். நான் ஏறுகிறேனா இறங்குகிறேனா என்று அவர்களுக்கு விளங்கவில்லை. பேணாட் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“டேய் முக்கால், மிச்சத்தை வாசல்லயே விட்டிட்டு வந்திட்டியே?”

எல்சி சிரித்தாள். முகத்தைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிக்க வைத்தவனை நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சக் காலத்தில் பேணாட் என்னிடம் வந்தான்.

“கோவிக்காதை மச்சான். அவள்தான் என்னைக் கேட்டவள். நீதான்ரா எனக்கு மாப்பிளைத் தோழன்.”

சரியென்றேன். கோயிலில் அவர்களுக்கு மூன்று கலியாண ஓலைகளில் முதலாம் ஓலை வாசித்தபோது எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பொறாமைதான், பாதர். அதை ஒரு பாவமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கிழமைதான் றோட்டு ஆமிச் சென்றியில் மறித்து என் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். அந்த நாட்களில் ஒரு டோர்ச் பற்றரி கொண்டு போனாலே ஆளை உரித்துப் பார்ப்பார்கள். குதியை வெட்டிப் பார்த்த ஆமி அதிகாரி, “இது என்னத்துக்கு?” என்றார். “உயரத்துக்கு, சேர்” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். தேத்தண்ணி தந்தார். பிறகு, எங்கள் பக்கத்தில் இயக்கத்தோடு தொடுப்புள்ள பெடியன்களைக் காட்டித் தர ஏலுமா என்று கேட்டார். அடித்தார்களா என்று கேட்காதீர்கள். ஒரு விரல்கூட என்மேல் படவில்லை.

தலையாட்டி எப்படியென்று உங்களுக்குத் தெரியும். சுற்றிவளைத்துப் பிடித்த ஆம்பிளைகளை வரிசையில் விடுவார்கள். தலையில் சாக்கு மூடிய ஒருவன் ஜீப்புக்குள் இருப்பான். அவன் தலையாட்டினால் அந்த ஆள் லொறியில் ஏற வேண்டியதுதான். நான் ஜீப்புக்குள் இருக்க மாட்டேன், இறங்கி வரிசை வழியே நடப்பேன் என்றேன். அதிகாரிக்கே ஆச்சரியம்.

“சாக்குப் போட்டாலும் உன்னை ஆருக்கும் தெரியுமே.”

“ஒரு கிழமை தாங்கோ சேர். வேற சப்பாத்து ஒண்டு செய்யோணும்.”

முழங்கால்வரை வருகிற கம்பூட்ஸ் சோடியொன்று எடுத்து, அடியில் அரைச்சாண் உயரத்துக்கு இறப்பர் அடுக்கினேன். மிச்ச உயரத்துக்குச் சாக்குக்குள் தலையில் துவாய் சுருட்டி வைத்தேன். பேணாட் எங்கள் வீட்டுக் கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொள்கிறவன், அந்த இடம்தான் அளவு. அவன் இடது காலைக் கொஞ்சம் வீசி நடப்பான். இழுவைப் படகில் வேலை செய்து வந்த பழக்கம். உயரமான சப்பாத்துப் போட்டால் யாருக்கும் அப்படித்தான் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை, பாதர், பழகினேன். குசினிக்குள், கதவைச் சாத்திவிட்டு. நாளையும் நான்தான் சொன்னேன். பேணாட்டுக்குத் துறைமுகத்துக்குள் வேலையிருந்த நாள்.

பள்ளிக்கூட மைதானத்தில் அன்றுதான் என் ஊர்க்காரரின் உச்சந்தலைகளைப் பார்த்தேன். தம்பிராசா அண்ணையின் மகனுக்கு இந்த வயதிலேயே நடுவில் வழுக்கை விழுகிறது. எனக்குச் சந்தோசமாக இருந்தது, மறைக்கவில்லை. இயக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? சந்திக் கடையில் சிரித்தவர்களைத் தெரியும். அவர்களுக்குத்தான் ஆட்டினேன். ஏற்றிப் போன ஒருவரும் திரும்பி வரவில்லை. அது ஆமி செய்த வேலை. நான் தலையைத்தானே ஆட்டினேன். வரிசையில் கட்டையன் ஒருவன் குறைகிறான் என்று யாரும் பார்க்கவில்லை.

பின்னேரமே ஊர் கதைக்கத் தொடங்கிவிட்டது. நல்ல உயரம், இடது காலை வீசி நடந்தவன், மைதானத்தில் நிற்காதவன். தம்பிராசா அண்ணை அழுதழுது என்னிடம் வந்தார்.

“தம்பி, அது பேணாட்தானே? உனக்குத் தெரியாமல் இராது.”

“அவன் என்ர சிநேகிதன் அண்ணை. என்னட்டைக் கேளாதேங்கோ.”

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவர் அதற்குமேல் கேட்கவும் இல்லை.

இயக்கப் பெடியன்கள் பேணாட்டைத் தேடி வந்தபோது நானும் அவன் வீட்டு முற்றத்தில் நின்றேன். அன்றைக்கு எங்கே நின்றாய் என்று கேட்டார்கள்.

“துறைமுகத்துக்குள்ள நிண்டனான். நம்பாட்டி நேவிக்காரரைக் கேட்டுப் பாருங்கோ.”

விசர்ப்பயல். துறைமுகம் முழுக்க நேவியின் கையில். இயக்கத்திடம் நேவியைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் என்ன நடக்கும்? அவர்கள் கையைப் பின்னால் கட்டியபோது அவன் என் பக்கம் திரும்பினான்.

“டொமினிக், சொல்லடா. நான் அப்பிடிச் செய்யிற ஆளோ? நீ சொன்னால் கேப்பினம். டொமினிக்!”

முக்கால் என்று சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விடிய அவனை விளக்குக் கம்பத்தில் கட்டியபடி கண்டார்கள். கழுத்தில் துரோகி என்று எழுதிய மட்டை. மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை.

தலையாட்டிக்குப் பேசிய பெண் என்று எல்சியை ஒருவரும் எடுக்க வரவில்லை. நான் எடுத்தேன். டொமினிக்குக்குப் பெரிய மனசு என்று ஊரே சொன்னது. மக்டலின் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எல்சி என்னை நன்றாகத்தான் பார்க்கிறாள், குறை சொல்ல ஏலாது.

ஒரேயொரு மனக்கவலைதான், பாதர். பேணாட்டின் நினைவுநாளுக்கு வருசாவருசம் பூசை ஒப்புக்கொடுக்கிறவன் நான். எல்சி கோயில் பக்கமே வரமாட்டாள். “ஊர்ப் பிள்ளையளைக் காட்டிக் குடுத்தவனுக்குப் பூசை ஒரு கேடா? அவன் நரகத்திலயே கிடக்கட்டும்” என்கிறாள். “செத்தவனோட என்ன கோவம், மன்னிச்சு விடு” என்று நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கிறாளில்லை. நீங்கள் ஒருமுறை வீட்டுக்கு வந்து அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும். நான் பேணாட்டை எப்போதோ மன்னித்துவிட்டேன்.