பச்சை டிக்

எனக்குப் பிடித்த நிறம் பச்சை, சார். பூதலூர் பக்கம் பிறந்தவனுக்கு வேறு நிறம் பிடிக்க வாய்ப்பு குறைவு.

எங்கள் ஊர் விவசாயிகள் சங்கத்துக்கு நான் ஒரு செயலி செய்து கொடுத்தேன். கல்லூரியில் அதுதான் என் இறுதியாண்டு ப்ராஜெக்ட். கொள்முதல் நிலையத்தில் எந்தத் தேதியில் நெல்லை இறக்குவது என்று வீட்டிலிருந்தே பதிந்துகொள்ளலாம். பெயரும் தேதியும் போட்டு அழுத்தினால், செயலி போய் சர்வரைக் கேட்கும். சர்வர் மூன்று விதமாகப் பதில் சொல்லும். பதிந்தாயிற்று என்னும், அன்றைக்கு இடமில்லை என்னும், அல்லது வாயே திறக்காது. வானம் கருத்துவிட்டால் பெரும்பாலும் மூன்றாவதுதான்.

முதலில் யோக்கியமாகத்தான் எழுதியிருந்தேன். பதியாவிட்டால் திரையில் சிவப்பாக ‘தோல்வி’ என்று வரும். வெள்ளோட்டத்தன்று சங்கத் தலைவர் பஞ்சநதம் ஐயா எல்லோர் முன்னாலும் அழுத்தினார். சிவப்பு வந்தது.

“தம்பி, நெல்லு அளக்கையில மொத மரக்கால ஒண்ணுன்னு எண்ண மாட்டோம், லாபம்னுதான் எண்ணுவோம். நீங்க என்னடான்னா நெல்லு வயல விட்டுக் கெளம்புறதுக்குள்ள தோல்விங்கிறீங்க. வெளங்குமா?”

கூட்டம் சிரித்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மூன்று பதிலுக்கும் ஒரே படத்தை வைத்துவிட்டேன். ஒரு பச்சை டிக், அதன் கீழே ‘லாபம்’. நம் பக்கத்தில் “சாப்பிட்டீங்களா” என்று கேட்டால் பட்டினி கிடப்பவனும் “ஆச்சுங்க” என்பான். அந்த மரியாதையைத்தான் செயலிக்கும் கற்றுக்கொடுத்தேன்.

சிவப்பை அழித்துவிடவில்லை. என் மடிக்கணினிக்கு மட்டும் வரும்படி திருப்பிவிட்டேன். யாருக்குப் பதியவில்லை என்று யாராவது ஒருவருக்குத் தெரிய வேண்டுமே. பொறுப்பில்லாதவன் என்று மட்டும் உங்கள் விசாரணை அறிக்கையில் என்னைப் பற்றி எழுதிவிடாதீர்கள்.

பலருக்கும் எதையும் நாலைந்து தடவை அழுத்திப் பார்க்கிற பழக்கம் உண்டு. அதில் எப்படியோ ஒரு தடவை பதிந்துவிடும். காளியம்மாள் அக்கா ஒரே தடவைதான் அழுத்தினார். சொன்னதை நம்புகிறவர். குத்தகைக்கு நிலம் பிடித்துக் குறுவை போட்டிருந்தார். போனைக் கையில் பிடித்தபடி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, நெசமாவே பதிஞ்சிருச்சா? இல்லன்னா இப்பவே சொல்லிடு. யாவாரி வயல்லயே கேக்குறாரு, வந்த வெலைக்குத் தள்ளிவிட்டுடுறேன். மழைக்கு முந்தி கரை சேந்தாப் போதும்.”

மடிக்கணினியில் அவர் பெயர் சிவப்பில் இருந்தது. அடுத்த வாரம் எனக்கு ப்ராஜெக்ட் தேர்வு. அறிக்கையின் முகப்பில் ‘ஒரு புகார்கூட வராத செயலி’ என்று போட்டிருந்தேன். இவ்வளவு நம்பிக்கையோடு வந்து நிற்பவரைப் போய்க் கலவரப்படுத்துவதாவது.

“பச்சை வந்திருக்குல்லக்கா? நிம்மதியா அறுங்க.”

“நீ நல்லா இருப்படா,” என்றார். நன்றாகத்தான் இருக்கிறேன்.

குறித்த தேதியில் நெல்லைக் கொண்டுபோய் நிலையத்தில் கொட்டினார். அங்கே எழுத்தர் ரெத்தினம் அண்ணன், “உங்க பேரே இல்லையேம்மா” என்றிருக்கிறார். அக்கா போனைக் காட்டியிருக்கிறார். பதிந்தவர்கள் ஒவ்வொருவராக எடை போட்டுவிட்டுப் போக, அக்கா குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மழை பிடித்துக்கொண்டது, நாள் கணக்கில் விடவில்லை. விட்ட பிறகு படுதாவை விலக்கினால் குவியல் முழுக்க முளை. நானும் போய்ப் பார்த்தேன். இளம்பச்சை. அக்கா அழவில்லை. போனையும் குவியலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குத்தகை கைமாறிவிட்டது. அக்கா திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார். போனிலிருந்து செயலியை இன்னும் நீக்கவில்லை, என் மடிக்கணினியில் தெரிகிறது.

செயலியை யாரும் சந்தேகப்படவில்லை. ரெத்தினம் அண்ணனைத்தான் சந்தேகப்பட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு பெயரைத் தூக்கியிருப்பார் என்றார்கள். எழுத்தர் என்றால் அப்படித்தான் என்று ஊருக்கு ஒரு கணக்கு உண்டு. நான் மறுக்கவில்லை. அவரை வைத்து ஒரு மீம் போட்டேன், கல்லூரியில் நல்ல வரவேற்பு. உங்கள் அலுவலகத்துக்கு வந்த மொட்டைப் பெட்டிஷனும் நான் எழுதியதுதான். எழுத்துப்பிழை வேண்டுமென்றே விட்டது. இல்லாவிட்டால் படித்த பையன் வேலை என்று தெரிந்துவிடும். அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்த அன்றுதான் கல்லூரியில் என் ப்ராஜெக்டுக்கு முதல் பரிசு கிடைத்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

என் அப்பாவின் நெல் மட்டும் எப்படி மழைக்கு முன்னால் எடைக்குப் போனது என்று கேட்கிறீர்கள். அவரும் செயலியில்தான் பதிந்தார். அவருக்கும் பச்சைதான் வந்தது. மறுநாள் நான் நிலையத்துக்குப் போய், வெயிலில் வரிசையில் நின்று, அவர் பெயரை நேரிலேயே எழுதிவிட்டு வந்தேன். ரெத்தினம் அண்ணன் சிரித்தார்.

“ஏண்டா, ஊருக்கே ஆப் செஞ்சு குடுத்துட்டு நீ எதுக்குடா இங்க வந்து நிக்கிறே?”

“சும்மாதான்ணே.”

இதை அவர் உங்களிடம் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். செயலியின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை, சார். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, ஏமாற்றம் என்று ஒன்று வந்தால் தாங்க மாட்டார்.