வேலியில் கிடந்த சிவப்புச் சீலை

"நானா, உங்க வீட்டம்மாவோட சீலைதான் எங்க குதிரையக் காப்பாத்திச்சு."

யட்டவத்த பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து இது காதில் விழுந்தது. சொன்னவர் தோட்டத்துத் துரையின் குதிரைக்காரர். அவர் நானா என்று அழைத்த, பக்கத்தில் இருந்த முஸ்லிம் பெரியவரின் வீடு தோட்டத்து வேலியை ஒட்டி இருக்கிறதாம்.

"வேலிக் கம்பியில துணி காயப் போட வேணாம்னு அவளுக்கு ஏசினீங்க தானே?" என்று கேட்டார் நானா.

"ஏசினேன்தாங்க. நேத்து இடி இடிச்சதும் குதிரை மெரண்டு, புல்லுக்காட்டுல இருந்து நேரா வேலியப் பாத்து ஓடிச்சு. அந்த மூட்டத்துல முள்ளுக்கம்பி அது கண்ணுக்கு எங்க தெரியும்? சிவப்புச் சீலை தெரிஞ்சுச்சு. சட்டுனு திரும்பிருச்சு. ஒரு கீறல்கூட இல்லைங்க."

"அல்ஹம்துலில்லாஹ்."

"அந்தப் புண்ணியவதிக்கு என் நன்றியச் சொல்லிருங்க."

நானா தலையைச் சொறிந்தார்.

"மழைக்குச் சீலைய எடுக்காம விட்டுட்டாள்னு நேத்து நானும் நல்லா ஏசிட்டேனே."

குதிரைக்காரர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நானும் உங்களோடயே இறங்குறேன் நானா. ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லிருவோம்."