பத்து நாள் கழிச்சு வாங்குங்க

கணக்குல வரலைன்னா விக்கலைன்னு அர்த்தமாம். அப்படிச் சொல்றான் சார் அந்தக் கம்பெனிக்காரன். வாயத் திறங்க... இன்னும் கொஞ்சம். நாக்க அந்தப் பக்கம் ஒதுக்கிக்கோங்க. தையல் பிரிக்கறதுல வலி இருக்காது, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். என்கிட்ட பல்லு எடுத்துக்கிட்டவங்க, சுத்தம் பண்ணிக்கிட்டவங்க, பாதிப் பேருக்கு மேல அந்த எலக்ட்ரிக் பிரஷ்தான் வாங்கறாங்க. அடுத்த தடவை வந்து வாயத் திறந்தாலே எனக்குத் தெரிஞ்சிரும். பல்லே சொல்லுது. கம்பெனி கம்ப்யூட்டர் மட்டும் இல்லவே இல்லைங்குது.

உங்களுக்கும் போன தடவை காட்டினேனே, எதிர்ச் சுவத்துல ஒட்டியிருக்கற அட்டை. அதே மாதிரி வெளில மேஜைலயும் ஒண்ணு இருக்கு. அதுல இருக்கற கட்டத்த ஃபோன்ல ஸ்கேன் பண்ணா நேரா கம்பெனி கடைக்குப் போகும். அங்க வாங்கினா, இவரு இந்த டாக்டரம்மா அனுப்பின ஆளுன்னு என் பேர்ல ஒண்ணு ஏறும். ஏற ஏற எனக்குக் கமிஷன். இதுல ஒளிக்க ஒண்ணுமில்ல. கமிஷன் உண்டுன்னு வாயால சொல்லிட்டுத்தான் யாருக்கும் காட்டறேன்... அசையாதீங்க. ஒண்ணு வந்தாச்சு. இன்னும் ரெண்டு.

ஆறு மாசத்துல ஸ்கேன் பண்ணவங்க நூத்தி நாப்பத்திரெண்டு பேரு. அத மட்டும் அந்தக் கம்ப்யூட்டர் ஒழுங்கா எண்ணிருது. வாங்கினவங்க எத்தனை பேர்னு கேளுங்களேன். நாலு. இத்தனை பேரும் கடை வாசல் வரைக்கும் போயி, செருப்பக் கழட்டி, மறுபடி மாட்டிக்கிட்டுத் திரும்பி வந்துட்டாங்களாம். அந்த நாலுல ஒண்ணு எங்க மாமியார். இருக்கறதே மேல மூணு பல்லு, கீழ ரெண்டு. அவங்க வாங்கினது கம்ப்யூட்டருக்குத் தெரியுது.

அதுலயும் நான் வாங்குங்க வாங்குங்கன்னு யாரையும் பிடிச்சுத் தள்ளறதில்ல சார். வியாபாரம் வேற, வைத்தியம் வேற. உங்களுக்கு என்ன சொன்னேன்? இன்னைக்கு ஸ்கேன் பண்ணி வச்சுக்கோங்க, ஆனா பத்து நாள் கழிச்சு வாங்குங்கன்னுதானே சொன்னேன். எல்லாருக்கும் அதேதான். ஈறு ஆறணும். பிரஷ் வீட்ல வந்து உக்காந்துட்டா கை சும்மா இருக்காது, புது சாமான் பாருங்க, எடுத்து ஓட்டிருவாங்க. அதனால வாங்கறதே பத்து நாளுக்கு அப்புறம்தான். எந்தக் கடைக்காரன் சார் இப்படிச் சொல்லுவான்? எங்க மாமியாருக்கும்தான் சொன்னேன். அன்னைக்குச் சாயங்காலமே வாங்கிட்டாங்க. மூணாம் நாள் ஈறு வீங்கி, கன்னத்துல கை வச்சுக்கிட்டு வந்து நின்னாங்க. என் பேச்ச என்னைக்குக் கேட்டாங்க அவங்க.

என்ன, கைய ஆட்டறீங்க? வலிக்குதா? இல்லையே. ரெண்டாவது வந்தாச்சு.

அந்தக் கம்பெனிப் பையனுக்கு ஃபோன் போட்டேன். "ட்ராக்கிங்ல எந்தத் தப்பும் இல்ல மேடம்"ங்கறான். அப்ப என் பேஷன்ட்டெல்லாம் பொய் சொல்றாங்களான்னு கேட்டேன். "அப்படிச் சொல்லல மேடம்." அப்ப நான் சொல்றேனா? "அப்படியும் சொல்லல மேடம்." பின்ன எப்படித்தாம்ப்பா சொல்றன்னேன். ரூல்ஸ் எல்லாம் அட்டையிலயே இருக்கு, ஒரு தடவை படிச்சுப் பாருங்க மேடம்னான். ஒட்டினதே நான், எனக்கு என்ன படிச்சுக் காட்டறது. அப்புறம் வைக்கும்போது மெதுவா ஒண்ணு போட்டான் பாருங்க. "உங்க க்ளினிக்லயே யாராவது வேற க்யூஆர் கோடு காட்டறாங்களான்னு பாருங்க மேடம்." அவ்வளவுதான். விதைச்சுட்டு அவன் பாட்டுக்கு வச்சுட்டான்.

கொஞ்சம் மெதுவாப் பேசறேன். வெளில உங்களுக்கு சீட்டு எழுதிக் குடுத்தவ இருக்காளே, அவ எனக்கு நாத்தனார். எங்க வீட்டுக்காரருக்கு ஒரே தங்கச்சி. எட்டு வருஷமா அந்த மேஜை அவளோடதுதான். யாருக்கு ஊசின்னா மயக்கம் வரும், யாரு காலைல வரச்சொன்னா சாயங்காலம் வருவாங்க, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். நான் சந்தேகப்படலைங்க. கண்ணால பார்த்தேன். அவ டிராயர்ல இன்னொரு கட்டம். கேட்டா, துணிக் கடையோடதாம், அவளும் இதே மாதிரி ஒண்ணு நடத்தறாளாம், தெருவுல நாலு பேருக்கு அனுப்புவாளாம். நீங்களே சொல்லுங்க... சரி, சொல்ல முடியாது, திறந்தே வைங்க. பிரஷ் கேட்டு வர்றவங்ககிட்ட அவ எந்தக் கட்டத்தக் காட்டினான்னு யாருக்குத் தெரியும்? அந்த மாசம் புது ஃபோன் வேற வாங்கியிருந்தா. தவணையாம்.

மூணாவது. முடிஞ்சுது. துப்பிராதீங்க, அப்படியே இருங்க, வந்ததோட சுத்தமும் பண்ணி விட்டுர்றேன். கொஞ்சம் தண்ணி அடிக்கும், சத்தம் வரும், பயந்துக்காதீங்க.

மூணு வாரம் முன்னாடி கூப்பிட்டுக் கேட்டேன். நேராவே கேட்டேன், எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது. என் கமிஷன நீ எடுத்தியான்னேன். "எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லியிருப்பேன் அண்ணி"ன்னா. அழல. அழுதிருந்தாகூடப் பரவால்ல. கல்லு மாதிரி நின்னா. திருடி மாட்டினவ அழுவா, திருடாதவளும் அழுவா, இவ எந்தக் கணக்குன்னு எனக்குப் புரியல. மாசக் கடைசியோட நின்னுக்கோன்னுட்டேன். இன்னைக்குத்தான் மாசக் கடைசி. நாளைலேர்ந்து வேற ஒரு பொண்ணு வருது.

வீட்ல அவரு என்கூடப் பேசறதில்ல. சாப்பாடு வச்சாச் சாப்பிடறாரு. தண்ணி வச்சாக் குடிக்கறாரு. தட்டக் கழுவி வச்சுட்டு அவரு பாட்டுக்குப் போறாரு. இருபது வருஷத்துல அந்த மனுஷன் தட்டு கழுவினது இந்த மூணு வாரம்தான். அது ஒண்ணுதான் எனக்கு லாபம். மாமியாருக்கு ஃபோன் பண்ணா, நான் ஹலோ சொல்றதுக்குள்ள வச்சிர்றாங்க. ஒரு பிரஷ்ஷு சார். பிரஷ்ஷால குடும்பம் ரெண்டாப் போச்சுன்னு யாருகிட்டயாவது சொன்னா சிரிப்பாங்க.

என்ன, விரல் காட்டறீங்க? அஞ்சும் ரெண்டும்... ஏழா? ஏழாவது பல்லு கூசுதா? எந்தப் பக்கம்? தட்டிப் பாக்கறேன்... ஒண்ணுமில்லையே. நல்லா இருக்கு சார் அது, உங்களுக்கு அப்புறமும் இருக்கும். இல்லையா? பல்லு இல்லையா? பின்ன என்ன சுவத்தக் காட்டறீங்க? அட்டையப் படிக்கறீங்களா, படிங்க படிங்க. மல்லாக்கப் படுத்துக்கிட்டு வேற என்ன பண்றது. ஃபேனையே எவ்வளவு நேரம்தான் பாப்பீங்க.

ம். ஆச்சு. எழுந்திரிங்க, நிதானமா. அந்தத் தம்ளர்ல கொப்பளிச்சுத் துப்புங்க. இன்னொரு வாய்.

இப்பச் சொல்லுங்க, என்ன சொல்ல வந்தீங்க. இருங்க, ஃபோனக் காட்டறீங்க... என்ன இது? பிரஷ். வாங்கிட்டீங்களா? எப்ப, இன்னைக்குக் காலைலயா? பத்தாவது நாள் கரெக்டா. உங்கள மாதிரி பேஷன்ட் எல்லாம் கெடைக்கறது அபூர்வம். இருங்க இருங்க, நான் என் கணக்குப் பக்கத்தத் திறக்கறேன். இதான் சார் எனக்கு வேணும், கையும் களவுமா. இன்னைக்குத் தேதி... ஒண்ணுமில்ல. பார்த்தீங்களா? நீங்க வாங்கின பிரஷ் உங்க கையில சாட்சி சொல்லுது, என் கணக்குல இல்ல. இப்பச் சொல்லுங்க, அவ எடுக்கலைன்னா யாரு எடுத்தா? அன்னைக்கு அவதானே மேஜைல வச்சு உங்களுக்கு...

இந்தக் கட்டமா? இந்தச் சுவத்துல இருக்கறதா? அவ மேஜைக்கே போகலையா? உக்காந்த எடத்துலேர்ந்தே நான்தான் எட்டி... ஆமா. நான்தான் உங்க ஃபோன வாங்கிப் பிடிச்சேன். உங்களுக்கு வாயெல்லாம் பஞ்சு.

அப்ப எங்க போச்சு?

என்ன, கீழயா? பொடி எழுத்தா? இதெல்லாம் யாரு சார் படிப்பாங்க. கண்ணாடி எடுத்துக்கறேன் இருங்க. "ஸ்கேன் செய்த நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் வாங்கப்படும் பொருட்கள் மட்டுமே..." சரி. ஏழு நாள். இருந்துட்டுப் போகட்டும், அதுக்கென்ன. நீங்க ஸ்கேன் பண்ணது பல்லு எடுத்த அன்னைக்கு. வாங்கினது இன்னைக்கு. நடுவுல...

நான் சொன்னேன் பத்து நாள்னு.

எல்லாருக்கும்தான் சொல்றேன்.

உக்காருங்க சார், ஒரு நிமிஷம் உக்காருங்க. அந்த நாலு யாருன்னு பாக்கறேன். மாமியார். அப்புறம் அந்த வக்கீல், ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லி மறுநாளே சிகரெட் பிடிச்சவரு. இது தையல் பிரிக்க வரவே இல்லையே, அந்த அம்மா. இது யாரு... ஓ, பாதி மாத்திரைல நிறுத்திட்டு, நானே சரியாயிட்டேன்னு சொன்னவரு. நாலு பேரும் என் பேச்சக் கேக்காதவங்க சார். என்னை நம்பி, சொன்ன மாதிரியே இருந்தவங்க ஒருத்தர்கூட இதுல இல்ல.

அஞ்சு நாள்ல வாங்கிக்கோங்கன்னு மாத்திச் சொல்லலாம்கிறீங்களா? வாங்கிட்டு மீதி நாள் பிரிக்காம வைங்கன்னு? வைப்பாங்களா? நீங்க வைப்பீங்க. உங்கள விடுங்க. எங்க மாமியார் கன்னத்த நீங்க பார்க்கல. பத்துன்னா பத்துதான் சார். ஈறுக்கு இவங்க ஏழு நாள் தெரியாது.

ஆனா ஒண்ணு, அவளும் வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல? எட்டு வருஷமா இருக்கறவ, எல்லாம் படிச்சிருப்பா. கல்லு மாதிரி நின்னா எனக்கு என்ன தெரியும்? சொன்னாளா... "அண்ணி, நீங்கதான் வர்றவங்கள எல்லாம் பத்து நாள் கழிச்சு"ன்னு ஏதோ ஆரம்பிச்சா. ஆமா. ஆரம்பிச்சா. நான்தான், என்ன எதிர்த்துப் பேசறியா, வாய மூடுன்னேன்.

நீங்க சிரிக்கலாம். பரவால்ல. வாய் மரத்திருந்தா சிரிப்பு ஒரு பக்கமாத்தான் வரும், இன்னைக்கு உங்களுக்கு அந்தக் கஷ்டமும் இல்ல.

வெளில போயி இதெல்லாம் சொல்லிட்டிருக்காதீங்க. சரி சொன்னாலும் என்ன, இந்தத் தட்டிக் கதவுல எல்லாம் கேட்டிருக்கும். நான் தும்மினாலே அங்கேருந்து ரெண்டு தடவை "நூறு வயசு"ன்னு சொல்லுவா. மூணு வாரமா சொல்றதில்ல.

இருங்க, உங்க சீட்டத் தாங்க. மூணு மாசம் கழிச்சு ஒரு தடவை வந்து காட்டணும், ஈறு எப்படி இருக்குன்னு பார்க்கணும். தேதி போட்டிருக்கேன். கீழ எழுதியிருக்கற நம்பர் என்னுது இல்ல, வெளில இருக்கறவளோடது. அன்னைக்கு வர முடியலைன்னா, மொத நாளே அவகிட்டச் சொல்லிருங்க. அந்த நேரத்துக்கு அவ வேற பேஷன்ட்டப் போட்டுக்குவா.