ஐந்து கோழிகள் போதும்

வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்கிற தப்பு, எண்ணிக்கையைக் கூட்டிவிடுவதுதான். பண்ணைக்குப் போனால் மனசு நிற்காது. புள்ளி போட்டதில் இரண்டு, கொண்டை அழகாயிருக்கிறதென்று இன்னொன்று என்று அள்ளிக்கொண்டு வருவார்கள். இடம் போதாமல் ஒன்றையொன்று கொத்தி, இறகைப் பிடுங்கி, ஒரே மாதத்தில் வீடு நாறிவிடும். எந்த இனம், எத்தனை என்று நான் மூன்று வாரம் யோசித்துத்தான் வாங்கினேன். யோசிக்காமல் எதையும் செய்கிறவள் இல்லை நான். அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கோழி எனக்காக வாங்கியதில்லை, என் கணவருக்காக. அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். பலமாகக் காற்றடித்து விளக்கு அணைந்தால் தெரு முழுக்க அவரைத்தான் தேடும். தட்டில் கை வைத்திருப்பார், வாசலில் ஆள் வந்து நிற்கும். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவார். முப்பத்தொரு வருடத்தில் நாங்கள் இருவரும் நிம்மதியாக உட்கார்ந்து பேசிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் முகத்தைவிட முதுகுதான் எனக்கு அதிகம் பழக்கம்.

போன வருடம் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போயின. தெருக்காரர்கள் ஒரு மாதம் வந்து பார்த்தார்கள், அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான்தான் குளிப்பாட்டினேன், சவரம் செய்தேன், ஊட்டிவிட்டேன். அறையை விட்டு நான் வெளியே போனால் அவர் கண் பின்னாலேயே வரும். தண்ணீர் எடுக்கப் போகிறவள் போல வேண்டுமென்றே நாலு தரம் போய்த் திரும்பியதுண்டு. நாலு தரமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆன மாதிரி இருந்தது.

பயிற்சி கொடுக்க ஒரு பெண் வாரத்தில் இரண்டு நாள் வருவாள். சின்ன வயசு. அவருடைய வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிடுவாள். அப்பா, இன்னும் ஒரே தரம்பா என்று கொஞ்சுவாள். யார் யாருக்கு அப்பா என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் கிளம்பும்போது என்னிடம் சொன்னாள்.

"பந்தை அமுக்கி அமுக்கி அவருக்கு அலுத்துப்போச்சும்மா. உயிரோட எதாவது இருந்தா கை தானா நீளும். கோழி கீழி வளருங்களேன், தீனி போடட்டும். இல்லைன்னா நான் தினமும் வந்தாத்தான் சரிப்படும்."

தினமும் என்று காதில் விழுந்ததும், கோழியே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

சேவல் வேண்டாம். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை, அக்கம்பக்கத்தாரின் தூக்கம்தான் கெடும். வெள்ளை லெகார்ன் நிறைய முட்டையிடும், ஆனால் நிழல் ஆடினாலே பறந்தடிக்கும். கை நடுங்குகிறவருக்கு அது ஆகாது. உடம்பு கனத்த சிவப்பு இனம் சாது, மடியில் வைத்தாலும் பேசாமல் உட்கார்ந்திருக்கும். கறுப்பிலும் அப்படி ஓர் இனம் உண்டு. சிவப்பில் மூன்று, கறுப்பில் இரண்டு எடுத்தேன். எல்லாம் ஒரே வயது, சேர்ந்தே வளர்ந்தவை. சேர்ந்து வளர்ந்தால் சண்டை குறைவு. கூட்டுக்குள் ஒரு கோழிக்கு விரித்த செய்தித்தாள் அளவு இடம் வேண்டும், வெளியே அதைப்போல மூன்று மடங்கு. துணி உலர்த்தும் இடத்தை விட்டுவிட்டு அளந்து பார்த்தேன். ஐந்துக்குச் சரியாக இருந்தது. இரண்டு பேர் சாப்பிட முட்டையும் போதும், ஒன்று செத்தாலும் கூட்டம் குலையாது.

பண்ணைக்காரர் கூடையைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "எத்தனை வேணாலும் வாங்குங்க, ஒத்தையா மட்டும் வளர்க்காதீங்கம்மா. ஒத்தைக் கோழி ஏங்கியே செத்துப்போயிடும்."

பின்கட்டுக் கதவருகே நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்தேன். முதல் வாரம் இடது கையால் தீனி போட்டார். மூன்றாவது வாரம் வலது கை விரல் பிரிந்தது. அந்தப் பெண் கை தட்டினாள். நானும் தட்டினேன். நான் பக்கத்தில் வந்தாலும் அவர் கண் என்னைத் தாண்டிக் கோழிகளிடம்தான் போனது என்பதை அவள் கவனிக்கவில்லை.

பிறகு ஒரு காலை, நான் அடுப்படியில் இருந்தபோது அவர் குரல் கேட்டது. "குட்டி."

கல்யாணமான புதிதில் அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார், யாரும் இல்லாதபோது மட்டும். மகள் பிறந்த பிறகு அது நின்றுபோனது. ஈரக் கையோடு ஓடினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சிவப்பில் சின்னதாக இருந்த கோழி அவர் மடியில் இருந்தது. அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு இன்னொரு முறை அதையே சொன்னார்.

மகள் வெளியூரில் இருக்கிறாள். போனில் சொன்னதும் அழுதாள். "அப்பா உன்னைத்தானேம்மா முதல்ல கூப்பிட்டார்?" என்று கேட்டாள். ஆமாம், என்னைத்தான் என்று சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை. அது என் பெயர்தானே.

எனக்கு ஓர் உயிரைக் கொல்லக் கை வராது. கோழியின் கழுத்தைத் திருகுவதெல்லாம் என்னால் ஆகாது. அதனால் மற்ற நாலையும் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டேன். இரண்டு கறுப்பும் துணி தேய்க்கிறவர் வீட்டுக்கு, இரண்டு சிவப்பு பால்காரர் வீட்டுக்கு. நாய் தூக்கிப் போய்விட்டது என்று இவரிடம் சொன்னேன். ஒவ்வொரு காலையும் விரலை மடக்கி எண்ணுவார். மிச்சம் இருக்கிற விரலைப் பார்த்து அழுவார். கண்ணை நான்தான் துடைத்துவிடுவேன். அப்போதெல்லாம் என் தோளில் சாய்ந்துகொள்வார்.

ஒத்தைக் கோழி ஏங்கிச் செத்துப்போகும் என்று பண்ணைக்காரர் சொன்னது தவறு. அது அவரைத் துணைக்குப் பிடித்துக்கொண்டது. விடிந்ததும் கூட்டுக்குள் நின்று கத்தும். நான் போய்த் திறந்துவிடத் தாமதமாகும், வேறு வேலை இருக்காதா. ஒருநாள் அது விடாமல் கத்தியது. அவர் கட்டிலிலிருந்து தானாக எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு அறையைக் கடந்தார், பின்கட்டுக் கைப்பிடியைப் பற்றி மூன்று படியும் இறங்கினார், கூட்டைத் திறந்தார். ஒன்பது மாதமாக நான் தூக்கி நிறுத்திய மனிதர். எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் கிடந்தபோதுகூட அவர் எனக்காக அப்படி எழுந்ததில்லை, கால் நன்றாயிருந்த காலத்திலேயே.

அதன் பிறகு தினமும் நடந்தார். அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு, இன்னும் இரண்டு மாதத்தில் தெருவுக்கே போய்விடுவார் பாருங்கள் என்று சொன்னாள். தெருவுக்கு. பழையபடி.

கைப்பிடியில் கை வைத்தது நான்தான். மேலே இருந்த திருகாணி இரண்டையும் எடுத்துவிட்டு, கீழே இருந்தவற்றைத் தளர்த்தி வைத்தேன். பார்வைக்கு அது இருந்த இடத்திலேயே இருந்தது. அவரைக் கொல்ல நினைத்தேன் என்று நீங்கள் எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன். கால் ஒடிந்தால் போதும், மறுபடி கட்டிலோடு இருப்பார் என்றுதான் நினைத்தேன். தலை படியில் அடிபடும் என்று எனக்கு எப்படித் தெரியும்.

விழுந்த சத்தம் கேட்டபோது அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சன்னலிலிருந்து அந்த இடம் தெரியும். குட்டி, குட்டி என்று கூப்பிட்டார். அவர் கூப்பிடுவது கோழியை, கோழியே போய்த் தூக்கட்டும் என்று நின்றேன். அது கூட்டுக்குள் கத்திக்கொண்டிருந்தது. மிச்சப் பாத்திரங்களையும் கழுவிக் கவிழ்த்தேன். நாற்பது நிமிடம் என்று நீங்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். குரல் நின்றதும் போனேன், கைப்பிடியைப் பழையபடி பொருத்தித் திருகாணிகளை முடுக்கிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். திருகாணித் தலையில் புதுக் கீறல் இருந்ததாக உங்களிடம் சொன்னது அந்தப் பயிற்சிப் பெண்தானே. அவளுக்கு முதலிலிருந்தே என்மேல் பொறாமை.

கோழியை அவள் கொண்டுபோய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். வைத்துக்கொள்ளட்டும்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அவரை எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள்? இனி எழுந்து நடக்க மாட்டார், பேச்சும் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படிப்பட்டவரைப் பார்த்துக்கொள்ள என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? நேற்று உங்கள் போலீஸ்காரர் ஒருவர் துணைக்கு வர, பத்து நிமிடம் பார்க்க விட்டார்கள். நான் உள்ளே போனதும் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டாராம், நாடித்துடிப்பு ஏறியதாம். நர்ஸ் அதைப் பயம் என்று எழுதி வைத்திருக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும், நான் பக்கத்தில் வந்தால்தான் அவருக்குத் தூக்கமே வரும்.