அஸ்பரகஸுக்குக் கவ்வாத்து

நிவித்திகலயிலிருந்து இரத்தினபுரிக்குப் போகும் பஸ். குழந்தையை கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். பிறர் பேச்சைக் கேட்பது சரியில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பியும், மூத்தவர் சொன்னது காதில் விழுந்தது.

“எங்க வீட்டுக்காரரு என் அஸ்பரகஸ் செடிய கவ்வாத்து வெட்டிட்டாருடி.”

“தேயிலைய வெட்டுற மாதிரியா?”

“அதே கத்தியால, அடியோட. ஓரமா கொஞ்சம் மஞ்சளாயிருச்சாம். மக கல்யாணப் பூச்செண்டுல பூவச் சுத்தி பச்சையா வைக்கணும்னு ஒரு வருசமா தொட்டியில வளர்த்தேன்.”

“ஐயோ அக்கா! நீங்க ஏசலயா?”

“ஏசாம? ரெண்டு நாள் சோத்த போட்டுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அவரு வெயில் படாத எடத்துல தொட்டிய வச்சு, தெனம் தண்ணி தெளிச்சாரு.”

“அப்புறம்?”

“இப்ப அடியிலருந்து பதினொரு குருத்து வந்திருக்கு. பழசவிட நல்ல பச்சை. கல்யாணத்துக்குள்ள விரிஞ்சிரும்.”

“அப்ப அண்ணன் செஞ்சது சரிதானே? அவருகிட்ட சொன்னீங்களா?”

“சொல்லுவேனா? சொன்னா நாளைக்கே என் அந்தூரியத்துக்கும் கத்திய தூக்கிக்கிட்டு வந்துருவாரு.”