குறைந்த முப்பத்து மூன்று கிலோ

அடையாள அட்டையில் உள்ள என் பெயரைக் காவல் நிலைய எழுத்தர் பார்த்து எழுதிக்கொண்டார். தொழிலில் என்னைக் குவிண்டால் என்றால்தான் யாருக்கும் தெரியும். வயது நாற்பத்தொன்பது. பேருந்து பணிமனைக்குப் பின்னால் உள்ள வரிசை வீடுகளில் கடைசி வீட்டில், இஸ்திரி வேலை செய்யும் என் மனைவியுடன் பதினாறு வருடமாகக் குடியிருந்து வருகிறேன். பிள்ளைகள் இல்லை. தொழில் என்ற இடத்தில் எழுத்தர் கூலி என்று எழுதப் போனார். கூலி இல்லை, எடை ஆள் என்று எழுதுங்கள் என்றேன். அப்படியெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டார். ஆமாம், அதைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். என்னை யாரும் கூட்டி வரவில்லை, மிரட்டவில்லை. இன்று காலை பத்து மணிக்கு நானாகவே வந்தேன்.

மார்க்கெட் சாலை நான்கு மாடிக் கட்டிடத்து லிஃப்ட் விழுந்த வழக்கில், சரியாகச் சோதிக்காமல் சான்று கொடுத்தார் என்று பதினொரு நாளாக நீங்கள் உள்ளே வைத்திருக்கும் ஃபோர்மேன், என் மனைவியின் கூடப் பிறந்த அண்ணன். எனக்கு மச்சான். அவர் முறைப்படிதான் சோதித்தார், குறை என்னுடையது என்று சொல்லி அவரை வெளியே கொண்டுவர வந்தேன்.

லிஃப்ட் புதிதாகப் போட்டால், அது தாங்க வேண்டிய எடைக்கு மேல் இன்னும் கால் பங்கு ஏற்றி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சான்று கொடுக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் இரும்புக் கட்டிகளை அடுக்கிச் சோதிப்பார்கள். மச்சான் வேலை செய்யும் கம்பெனி சின்னது. இரும்புக் கட்டிக்கு லாரி வேண்டும், ஏற்ற ஆள் வேண்டும், இறக்க ஆள் வேண்டும். நாங்கள் எங்கள் காலாலேயே நடந்து வந்துவிடுவோம். அதனால் நூறு கிலோவுக்குக் குறையாத ஆறு பேரைக் கம்பெனி வைத்திருக்கிறது. ஒருத்தர் பழைய இரும்புக் கடைக்காரர், ஒருத்தர் பாத்திரக் கடையில் கல்லாவில் உட்காருகிறவர், மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு வேலை உண்டு. இதையே முழு வேலையாக வைத்திருப்பவன் நான் ஒருவன்தான்.

சும்மா நிற்பதற்கு ஒரு சம்பளமா என்று அதிகாரி கேட்டார். நின்று பார்த்தால் தெரியும். பேசக் கூடாது, சாயக் கூடாது, சிரித்தால் பெட்டி ஆடும் என்பதால் சிரிக்கவும் கூடாது. மேலே மோட்டார் அறையில் மச்சான் நின்றுகொண்டு எங்களைக் கீழே இறக்குவார், பாதி வழியில் திடீரென்று பிரேக் போடுவார், அப்போது குடல் தொண்டைக்கு வந்துவிட்டுப் போகும். பிரேக் நழுவாமல் நின்றால் தேறியது, நழுவினால் முடுக்கிவிட்டு மறுபடி நிற்க வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன்பு நான் காவல் காத்துவந்த கிடங்கை மூடியபோது மச்சான்தான் என்னை இதில் சேர்த்துவிட்டார். சின்ன வயதிலிருந்து இந்த உடம்பை வைத்து என்னைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. அந்த உடம்புக்கே ஒரு வேலை கிடைத்தபோது, பொய் எதற்கு, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பதினான்கு மாதத்துக்கு முன்பு ஒரு சோதனை முடிந்து வெளியே வந்ததும் எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. அதன் பிறகு மனைவி என்னை டாக்டரிடம் கூட்டிப் போனாள். அப்போது என் எடை நூற்றுப் பதினான்கு கிலோ. இவ்வளவு உடம்பை உங்கள் இருதயம் ரொம்ப நாள் இழுக்காது, கட்டாயம் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எனக்குச் சோறு போடுவதே இந்த உடம்புதான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதன் பிறகு மனைவி தினமும் விடிந்ததும் என்னை எழுப்பி நடக்கக் கூட்டிப் போனாள். அவள் முன்னால் விறுவிறுவென்று போவாள், நான் பின்னால் மூச்சு வாங்க வாங்கப் போவேன். எடை குறையக் குறைய அவளுக்குத் தலைகால் புரியவில்லை. என் சட்டைகளைப் பிடித்துத் தைத்துக்கொடுத்து, "கல்யாணத்தப்பக்கூட நீங்க இப்படி இல்ல" என்பாள். ஒரே உடம்புதான், வீட்டில் அதற்குப் பாராட்டு, வேலையில் அதற்கு ஆப்பு. இப்போது என் எடை எண்பத்தொரு கிலோ.

மச்சானிடம் சொல்லியிருக்கலாமே என்று அதிகாரி கேட்டார். சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் என்னைக் கைவிட மாட்டார், ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிச் சம்பளம் வாங்கிக் கொடுத்துவிடுவார். அதுதான் எனக்கு ஆகவில்லை. தங்கச்சி புருஷனுக்குச் சும்மா படியளக்கிறான் என்று மற்ற ஐந்து பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள், எனக்கும் ரோஷம் உண்டு. வேறு வேலைக்குப் போகலாம் என்றால், நிற்பதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

ஆகவே தார்ப்பாய் தைக்கும் கடையில் சொல்லி, சட்டைக்கு உள்ளே போட்டுக்கொள்கிற மாதிரி, முன்னும் பின்னும் பைகள் வைத்த கெட்டித் துணி உள்சட்டை ஒன்று தைத்து வாங்கினேன். பைகளில் மணலைக் கொட்டிக் கட்டினேன். உடம்பில் குறைந்ததை அப்போதைக்கப்போது மணலில் கூட்டிக்கொண்டே வந்தேன். அதைப் போட்டு, மனைவி பிடித்துத் தைக்காத பழைய சட்டை ஒன்றை மேலே மாட்டிக்கொண்டால் பழைய தொப்பை அப்படியே திரும்பி வந்துவிடும். வீட்டில் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன், மனைவி கேட்டபோது கம்பெனி சாமான் என்று சொல்லிவிட்டேன். முகத்துக்குத்தான் மணல் போட முடியவில்லை. "குவிண்டால், மூஞ்சிய மட்டும் யாருக்குய்யா குடுத்துட்ட?" என்று இரும்புக் கடைக்காரர் கேலி செய்வார். மச்சான் தராசைப் பார்ப்பார், என் முகத்தைப் பார்ப்பார், நோட்டில் நூற்றுப் பதினான்கு என்று எழுதிக்கொள்வார். மணலோ சதையோ, நிற்க வேண்டிய எடை நின்றது என்பதால் இதில் யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இந்த மாதம் நான்காம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மேற்படி கட்டிடத்தில் சோதனை. மறுநாள் திறப்பதாக இருந்ததால் கட்டிட உரிமையாளர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே மச்சான் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தார். வாசலில் தராசு வைத்து ஆறு பேரையும் எடை போட்டார்கள். அறுநூற்று எண்பது கிலோ வேண்டும், அறுநூற்று எண்பத்திரண்டு வந்தது. எப்போதும் கீழ்த்தளத்திலேயே லிஃப்டில் ஏறிவிடுவோம். அன்று லிஃப்ட் கதவுக்கு முன்னால் காலையில்தான் டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள், மிதிக்கக் கூடாது என்றார்கள். ஆகவே நான்காவது மாடிக்கு நடந்து போய் அங்கே ஏற வேண்டும் என்று மச்சான் சொல்லிவிட்டு, அவர் முதலில் மோட்டார் அறைக்கு ஏறிப் போய்விட்டார்.

அதன் பிறகு நாங்கள் படி ஏறினோம். என்மேல் முப்பத்து மூன்று கிலோ மணல். இரண்டாவது மாடியிலேயே நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்கே காதில் கேட்டது. மற்ற ஐந்து பேரும் முன்னால் போய்விட்டார்கள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. இன்னொரு மாடி ஏறினால் செத்துவிடுவேன் என்று தோன்றியது. சட்டையைத் தூக்கி, கட்டுகளை அவிழ்த்து, மணல் சட்டையைக் கழற்றி டப்பாக்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு வெறும் ஆளாக மேலே போனேன். உடம்பு அப்படியே காற்று மாதிரி இருந்தது. அந்த ஒரு மாடியை நான் சுகமாகத்தான் ஏறினேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு ஆறு பேரும் லிஃப்டுக்குள் நின்றோம். இரும்புக் கடைக்காரர், "என்னய்யா, இன்னைக்கு எடம் தாராளமா இருக்கு?" என்றார். சோதனையில் பேசக் கூடாது, வாயை மூடு என்று நான் சொன்னேன். மச்சான் இறக்கினார், பாதியில் பிரேக் போட்டார், லிஃப்ட் நின்றது. இரண்டு தடவை செய்தார், இரண்டு தடவையும் நின்றது. முதல் மாடியில் இறங்கி, மிச்சத்தைப் படியில் நடந்து கீழே வந்தோம். அதன் பிறகு மச்சான் சான்றில் கையெழுத்துப் போட்டார், எல்லோரும் கம்பெனி வேனில் திரும்பினோம்.

எட்டாம் தேதி சனிக்கிழமை காலை அந்த லிஃப்ட் ஆள் நிறைந்து இறங்கும்போது நிற்காமல் கீழே பள்ளத்தில் போய் இடித்தது. கட்டிடத்தைக் கூட்டும் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்தது. எப்போதும் படியில் போகிறவர், அன்றைக்கு யாரோ "வாங்கக்கா, எடம் இருக்கு" என்று கூப்பிட்டதால் ஏறினாராம். பிரேக்கின் பிடி போதவில்லை, சோதனையன்றே மயிரிழையில்தான் நின்றிருக்கும், மூன்று நாள் ஓட்டத்தில் அதுவும் தளர்ந்துவிட்டது, அன்று முழு எடை நின்றிருந்தால் அப்போதே நழுவிக் காட்டிக்கொடுத்திருக்கும் என்று இன்ஜினியர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.  மச்சானை அன்று மாலையே கூட்டிப் போனார்கள்.

பதினொரு நாளாக ஏன் வரவில்லை என்று அதிகாரி கேட்டார். பயம், வெட்கம். வேறு காரணம் எதுவும் இல்லை. தினமும் மனைவி இங்கே அண்ணனுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, "எங்கண்ணன் ஒரு ஆணியக்கூட ரெண்டு தடவ தட்டிப் பாக்குற ஆளுங்க" என்று அழுவாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நேற்று பகலில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கூட்டும் அம்மா காலில் எடை கட்டிப் படுத்திருந்தார். லிஃப்ட் கம்பெனி ஆள் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அந்த லிஃப்ட் மேஸ்திரி தங்கமான மனுசன், அவரு போட்ட குப்பைய அவரே வெளக்கமாறு வாங்கிக் கூட்டிட்டுத்தான் போவாரு. எல்லாம் சரியாத்தானே பாத்தீங்க?" என்று கேட்டார். சரியாத்தாம்மா பாத்தோம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். படுத்துக் கிடக்கிற அந்த அம்மாவிடம் போய்ப் புளுகிவிட்டு வந்திருக்கிறேன், நான் எல்லாம் ஒரு மனுஷனா? அதன் பிறகுதான் இன்று காலை வந்தேன்.

இந்த இடத்தில் அதிகாரி, மூன்றாவது மாடியில் வைத்த மணல் சட்டை இப்போது எங்கே என்று கேட்டார். வீட்டில் இருக்கிறது என்றேன். நீங்கள் திரும்பப் போய் எடுத்து வந்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுத்தர் அப்படியே எழுதினார். அதன் பிறகு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். குடித்துவிட்டு, அந்த வரியை அடித்துவிடுங்கள் என்று சொன்னேன். இது உங்கள் மச்சானுக்குப் பாதகமாகப் போனாலும் போகும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. பதினொரு நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சோதனை முடிந்ததும் மற்றவர்களோடு டீக்கடை வரை போய்விட்டு, நான் அதை எடுக்க மூன்றாவது மாடிக்குத் திரும்பப் போனது உண்மை. அங்கே அது இல்லை. ஒவ்வொரு டப்பாவாக நகர்த்திப் பார்த்தேன். ஒவ்வொரு மாடியிலும் கதவுப் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே மச்சான் எனக்கு முன்பே இறங்கிப் போயிருந்தார். நான் கீழே வந்தபோது அவர் வேனின் பானட்டின் மேல் தாளை வைத்துக்கொண்டு நின்றார், கட்டிட உரிமையாளர் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார். மற்ற ஐந்து பேரும் கொஞ்ச தூரத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் என்னைப் பார்த்தார், பிறகு சட்டை தொளதொளவென்று தொங்கும் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டார். வேனில் நான் எப்போதும் உட்காரும் சீட்டுக்கு அடியில் மணல் சட்டை மடித்து வைத்திருந்தது, மற்றவர்கள் கண்ணில் படாமல் அதன்மேல் ஒரு சாக்கும் போட்டிருந்தது. மறுபடி சோதிக்க வேண்டும் என்றால் ஏன் என்று ஐந்து பேருக்கும் உரிமையாளருக்கும் சொல்ல வேண்டும், எல்லோர் முன்னாலும் நான் சட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் அவர் கையெழுத்துப் போட்டார். ஜென்மத்தில் தப்பாக ஒரு ஆணி அடிக்காதவர். வழியில் ஒவ்வொருவராக இறங்கிப் போன பிறகு, என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது ஒரு வார்த்தை சொன்னார். "மாப்ள, அடுத்த தடவ படியேற வேண்டாம், லிஃப்ட்ட நான் கீழயே வரவச்சிடறேன்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இங்கேயும் அவர் என் பெயரை இதுவரை சொல்லவில்லை என்று அதிகாரி இப்போதுதான் சொன்னார்.

மச்சானை இன்று விட முடியாது என்று அதிகாரி தெரிவித்தார். என்னையும் வெளியே அனுப்ப முடியாது என்றார். சரி என்றேன். ஆனால் என் மனைவி வெளியே நிற்கிறாள். இன்றைக்கு உன் அண்ணனை வெளியே கொண்டுவந்துவிடுவேன் என்று காலையில் அவளிடம் சொல்லித்தான் கூட்டி வந்தேன். அவர் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வர ஒரு சட்டையை இஸ்திரி போட்டு, மடிப்பு கலையாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்திருக்கிறாள். அவளிடம் போய் யார் சொல்வது என்று அதிகாரியிடம் கேட்டேன். அது வாக்குமூலத்தில் வராது என்றார். நான் கேட்டதாக மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

இதை எழுத்தர் ஆரம்பத்திலிருந்து எனக்கு ஒரு தடவை படித்துக் காட்டினார். அடித்த வரிக்கு அருகில் சிறுகையெழுத்து இட்டேன். இதில் நான் கூட்டிச் சொன்னதும் இல்லை, குறைத்துச் சொன்னதும் இல்லை. அத்தனையும் நடந்தது.

(கையெழுத்து)
வாக்குமூலம் கொடுத்தவர், எடை ஆள்