சுத்தத் திங்களன்று பறித்த கீரை

எனக்குக் கீரை என்றால் கொள்ளை ஆசை. எங்கள் கிரேக்கத்தில் யாருக்குத்தான் இல்லை? மழை விட்டதும் கத்தியும் பையுமாக மலையேறிவிடுவோம். வேகவைத்து, எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் விட்டால் போதும். நண்பர் பறித்துக் கொடுத்த கீரையை இங்கே யாரும் சந்தேகமாகப் புரட்டிப் பார்ப்பதில்லை. அது பெரிய அவமரியாதை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். மற்றது சுலபமாக விளங்கும்.

நான் அரிஸ்டோமெனிஸ். பல்கலைக்கழகத்தில் பண்டைக் கிரேக்கம் கற்பிக்கிறேன். நீங்களும் பள்ளியில் கட்டாயத்துக்குப் படித்திருப்பீர்கள். உங்கள் முகத்திலேயே தெரிகிறது. ப்ரோகோபிஸ் இக்காலக் கிரேக்கத்தின் பேராசிரியர். அதாவது, மீன் சந்தையில் இலவசமாகக் கிடைப்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு கற்பித்தவர். அவர் வகுப்பில் பிள்ளைகள் ஜன்னல் கட்டையில்கூட உட்கார்ந்திருப்பார்கள். என் வகுப்பில் ஒரு ஜெர்மன் பெண்ணும், குளிருக்கு ஒதுங்கிய ஓரிருவரும்.

இந்த ஆண்டு இரண்டு துறைகளையும் ஒன்றாக்கி ஒரே தலைவரை வைப்பதென்று முடிவானது. யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எனக்குப் பதவி ஆசை கிடையாது. மொழிக்காகத்தான் கவலைப்பட்டேன். அவர் கைக்குப் போனால் பண்டைக் கிரேக்கம் விருப்பப் பாடமாகிவிடும். விருப்பப்பட்டு அதை யார் படிப்பார்கள்?

கேன்டீனில் ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ஏன் வாத்தியாரே, உங்க பாஷையில ஒரு காபி சொல்லுங்க. வருதான்னு பாப்போம்."

"அந்தக் காலத்துல காபியே கிடையாதே, ப்ரோகோபிஸ்."

"அதான் பாவம், எல்லாரும் தூங்கி வழிஞ்சு செத்தே போயிட்டாங்க."

காபி போடுகிறவர்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது, அதை உங்களிடம் மறைக்கவில்லை.

அப்புறம் சுத்தத் திங்கள் வந்தது. நோன்பின் முதல் நாள் துறை முழுவதும் காற்றாடியும் எள் ரொட்டியும் ஆக்டோபஸுமாக மலைக்குப் போவது வழக்கம். நான் ஒரு டப்பாவைத் தனியாகக் கொண்டுபோயிருந்தேன்.

"உங்களுக்குன்னே பறிச்சேன். அந்தப் பக்கச் சரிவுல முளைச்சது."

"அப்ப சண்டை முடிஞ்சுதா, வாத்தியாரே?" என்று தோளில் கை போட்டார். "கொண்டாங்க. கசப்பா இருந்தாதான் எனக்கு இறங்கும்."

டப்பாவில் தேங்கிய எண்ணெயைக்கூட ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டார். பழைய ஏதென்ஸில் ஒரு தத்துவக் கிழவருக்குக் கோப்பையில் விஷமாகக் கொடுத்தார்களே, அதே செடிதான். என் பாடத்தில் உட்கார்ந்த எவரும் எச்சரிக்கையாக இருந்திருப்பார்கள். அவர் படித்த நவீனக் கவிதைகளில் அந்த இலை வருவதில்லை போலிருக்கிறது. நீங்கள் கொலை என்கிறீர்கள். பாடத்திட்டத்தில் இருந்த குறை என்பேன் நான்.

மற்றவர்கள் கீழே காற்றாடிகளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். முதலில் அவர் கால்கள் மரத்தன. பிறகு கைகள். புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும் என்று நூல்களில் இருக்கிறது. சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கய்யா," என்றார். "என்னால எந்திரிக்க முடியல."

நான் கல்நெஞ்சக்காரன் அல்ல. ஒரு வாய்ப்புக் கொடுத்தேன்.

"பண்டைக் கிரேக்கத்துல கேளுங்க. உடனே கூப்பிடறேன்."

கூப்பிட்டிருப்பேன். கைப்பேசி என் கையில்தான் இருந்தது.

அவர் என்னையே பார்த்தார். பிறகு கேட்டார். தட்டுத் தடுமாறி அல்ல, வீட்டில் பேசுகிற மாதிரி சரளமாக. வாழ்நாள் முழுவதும் கற்பித்த மொழியில் என்னிடம் யாரும் பேசியதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமே, ஒன்றும் பிடிபடவில்லை. காகிதத்தில் இருந்தால் ஒரு நொடி. காதால் கேட்டுப் பழக்கமில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றேன். சொன்னார். குரல் இறங்கியிருந்தது. அப்போதும் விளங்கவில்லை.

"கொஞ்சம் இருங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, காதில் விழுந்த ஒலிகளை அப்படியே எழுதிக்கொண்டு, காருக்குப் போய் அகராதியை எடுத்தேன். நான் அவசரப்பட்டு மதிப்பிடுகிறவன் அல்ல. ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். 'நண்பரே, மூச்சு அடைக்கிறது, யாரையாவது சீக்கிரம் கூப்பிடுங்கள்' என்று கேட்டிருக்கிறார்.

அப்பழுக்கில்லாத வாக்கியம், இன்ஸ்பெக்டர். திரும்பிப் போனபோது உயிர் இருந்திருந்தால், அவருக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.